லைன் கேட்ட பெட்டி

ஊசிமேட்டில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்ப் பாத்திரக்கடை தவசிமுத்து அண்ணாச்சி டிவியில் பேசப்போகிறார். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு டிவிக்காரர்களே வீட்டுக்கு போன் பண்ணுவார்கள். தெருத்தெருவாய் அலைந்து கடை வைத்த கதையை அவர் நேரலையில் சொல்ல வேண்டும். "அத்தான், உங்க குரல் டிவியில வந்தா என் மீசையை எடுத்திருதேன்" என்று மச்சினன் சவால் விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவன் வெளியூர் போகிறான். பதிவு செய்து காட்டாவிட்டால் மீசை தப்பிவிடும். சும்மா விட முடியுமா?

அண்ணாச்சி டவுனுக்குப் போய், கடைக்காரன் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசி, ஒரு வீடியோ ரெக்கார்டர் வாங்கினார்.

"இதுக்கு போன் லைன் குடுக்கணும் அண்ணாச்சி. எந்தச் சானல்ல எப்போ என்ன நிகழ்ச்சின்னு அதுவே போன் போட்டுக் கேட்டுக்கிடும். உங்க நிகழ்ச்சி முடியுற வரைக்கும் லைனைப் பிடுங்கிராதீங்க" என்றான் அவன்.

வீட்டில் கடை ஆட்கள் இசக்கியும் கொம்பையாவும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"படம் பிடிக்கிற பெட்டிக்கு போன் எதுக்குல?" என்றான் கொம்பையா.

"எங்க சித்தி நாடகம் பார்த்தா நாலு பேருக்குச் சொல்லாம இருப்பாளா? அத்தனையையும் பார்த்துட்டு வயித்துக்குள்ளயே வச்சிருந்தா பெட்டி வெடிச்சிராது?" என்றான் இசக்கி.

நியாயமாகத்தான் பட்டது. போனிலிருந்து வயரைக் கழற்றிப் பெட்டியில் செருகினார்கள். சும்மா கிடந்த போனைத் துடைத்து அலமாரியில் வைத்தார்கள்.

ஞாயிறு ஏழு மணி. அண்ணாச்சி சலவை வேட்டியில் டிவி முன் உட்கார்ந்தார். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஊசிமேடு தவசிமுத்து சார், ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் டிவியில் ஒரு பெண்.

"இருக்கேன்மா!" அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

"ஹலோ? சார்?"

"இருக்கேன்னு சொல்லுதேன்லா! காது கேக்காதவளையா வேலைக்கு வச்சிருக்கானுவ?"

"பக்கத்துல போய்ச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் இசக்கி. அண்ணாச்சி டிவியில் மூக்கு இடிக்கக் கத்தினார்.

"லைன் கிடைக்கவில்லை. அடுத்து, கோவில்பட்டி புனிதவதி."

அண்ணாச்சி முகம் செப்புக்குடம்போல் சிவந்தது. "எனக்கு வந்த போனு எங்கலே?"

"லைன் பெட்டிகிட்டல்லா இருக்கு? அதைத்தான் கூப்பிட்டிருப்பாவ. ஊமைக் கழுதை, வாயே திறக்கல" என்றான் கொம்பையா.

"அதான் பதிஞ்சாச்சே! வயரைப் போனுக்கே மாத்திட்டு, பதிஞ்சதை மறுபடி போடுவோம். இப்போ கேட்டா நீங்களே பேசிரலாம்" என்றான் இசக்கி.

போட்டார்கள். அவள் "ஹலோ" என்றாள். அண்ணாச்சி போனை எடுத்து, கடை வைத்த கதையை மூச்சுவிடாமல் சொன்னார். அவளோ மறுபடியும் புனிதவதியையே கூப்பிட்டாள். எத்தனை முறை போட்டாலும் புனிதவதிதான்.

"நமக்கு ஒரு வழிதான் இருக்கு அண்ணாச்சி" என்றான் இசக்கி. "பெட்டியை அந்தப் புனிதவதி வீட்டுல குடுத்திருவோம். அவ லைனை அது பிடிச்சுக்கிட்டா, டிவிக்காரி வேற வழியில்லாம நம்மகிட்டதான் வரணும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் கோவில்பட்டிக்குக் கிளம்பினார்கள். கொம்பையா மடியில் பெட்டி. அண்ணாச்சி மடியில் வயர் தொங்கும் போன், வழியில் டிவிக்காரி கூப்பிட்டால் எடுக்க.