முங்கி எழுந்த நாட்டாமை

ஒரு காட்டுக் குளத்தங்கரை மருதமரத்தில் மிளகி என்ற நீர்க்காகம் குடியிருந்தாள். உடம்பெல்லாம் கன்னங்கறுப்பு. கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள். எந்நேரமும் அவற்றுக்குப் பசி!

குளத்து ஓரத்தில் ஒரு மீன்குழி உண்டு. தண்ணீர் வற்றும் கோடையில் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய மீன்கள் அதில் இருந்தன. அதில் யாராவது திருடினால், வால் இறகைப் பிடுங்கிக் குளத்தை விட்டே விரட்டிவிடுவார்கள்.

திருடியது யாரென்று எப்படித் தெரியும்? அங்கேதான் வேடிக்கை! பிடிபட்டவர் குளத்தில் முங்கி எழ வேண்டும். வெள்ளையாக எழுந்தால் குற்றம் கழுவிப் போயிற்று. கறுப்பாக எழுந்தால் குற்றம் உடம்பிலேயே ஒட்டியிருக்கிறதாம்! கொக்கு வயிறு முட்டத் தின்றுவிட்டு முங்கினாலும் வெள்ளையாகத்தான் எழும். காக்கா பாவம், என்ன செய்யும்? காக்கா, கரிச்சான் என்று ஒவ்வொன்றாகக் குளத்தை விட்டுப் போயின. மிளகியின் புருஷன் பனையனையும் போன மாதம்தான் விரட்டினார்கள்.

"கறுப்புங்கதான் திருடுது. அதனாலதான் கறுப்புங்களே மாட்டுது!" என்பான் காவல்காரக் கொக்கு வெள்ளையன்.

நாட்டாமை மந்தையன் ஓர் எருமை. கெட்டவர் இல்லை. யோசிக்கிற வேலையை மட்டும் முதுகில் இருப்பவனிடம் விட்டுவிட்டார். அந்த முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குகிறவன் வெள்ளையன். பொறுக்கிக்கொண்டே காதில் ஓதுவான்.

ஒருநாள் காலையில் குழியில் மீனைக் காணோம். பாறைமேல் சிறகை விரித்து நின்றிருந்த மிளகியைக் கொக்குகள் வளைத்துக்கொண்டன.

"பாருங்க, சிறகை விரிச்சிட்டா! பறந்து ஓடப் பாக்குறா!" என்று கத்தினான் வெள்ளையன்.

"ஈரத்தைக் காயவைக்கிறேன்! முங்கி எழுந்தா நாங்க எப்பவும் செய்யறதுதானே?" என்றாள் மிளகி.

யார் கேட்டார்கள்? நாட்டாமை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். மிளகியையும் விரட்டிவிட்டால் குஞ்சுகளுக்கு யார் இரை கொடுப்பார்கள்? சாயங்காலம் வரை தாங்குமா அவை?

"ம், முங்கு!" என்றார் நாட்டாமை.

மிளகி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தக் குளத்துச் சேறு வெள்ளைக் களிமண். நாட்டாமை ஓரச் சேற்றில் புரளுவாரே தவிர, ஆழத்தில் இறங்கியதே இல்லை. காய்ந்த களிமண் உடம்பெல்லாம் வெள்ளைவெளேரென்று அப்பியிருந்தது. காது மடலுக்குப் பின்னால் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே என்ன நிறம் என்று மிளகிக்குத் தெரிந்துபோயிற்று.

"முங்குறேன் ஐயா. அதுக்கு முன்னால நீங்க ஒருதரம் முங்கிக் காட்டுங்க. குத்தமில்லாதவங்க எவ்வளவு வெள்ளையா எழுந்திருப்பாங்கன்னு நாங்களும் பாத்துக்கறோம்!"

நாட்டாமைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அதுக்கென்ன, பாத்துக்கோ!" என்று எழுந்தார்.

"ஐயா, வேணாம்! தண்ணி ஜில்லுனு இருக்கும்!" என்று வெள்ளையன் பதறினான்.

அதற்குள் தொபுக்கடீர் என்று சத்தம்! நாட்டாமை ஆழத்தில் முங்கி, "அடடா, என்ன சுகம்!" என்று எழுந்தார். மையைப் பூசியது போலக் கறுகறுவென்று மின்னினார்.

ஒரு தவளை அலறியது: "ஐயோ, நாட்டாமை திருடிட்டாரு!"

நாட்டாமை தண்ணீரில் தன்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். "நான் மீனே தொடமாட்டேனே! புல்லுதானே திங்கிறேன்!"

"என் வீட்டுக்காரரும் 'நான் தொடலை'ன்னுதான் சொன்னாரு ஐயா. நீங்க கேட்டீங்களா?" என்றாள் மிளகி.

நாட்டாமை தலை குனிந்தார். "அப்ப திருடனை எப்படித்தாம்மா கண்டுபிடிக்கிறது?"

"குழி ஓரத்துச் சேத்தைப் பாருங்க ஐயா!"

இதுவரை ஒருவரும் அங்கே போய்ப் பார்த்ததே இல்லை! காவல்காரன்கூட மேட்டில்தான் நிற்க வேண்டும், குழி ஓரம் இறங்கக் கூடாது. எல்லாரும் ஓடினார்கள். மிளகியின் காலில் விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு. சேற்றில் பதிந்திருந்த தடத்திலோ சவ்வே இல்லை. நடுவிரல் வேறு வளைந்திருந்தது. வெள்ளையன் மெதுவாக ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் ஒளித்துக்கொண்டான். இன்னொரு காலை எங்கே ஒளிப்பது? அதிலே வளைந்த விரல் பளிச்சென்று தெரிந்தது!

"கொக்குங்க எல்லாரையும் விரட்டுங்க!" என்று தவளைகள் கூச்சலிட்டன.

"அதே தப்பைத் திருப்பிச் செய்யவா? வளைஞ்ச விரல் இவன் ஒருத்தனுக்குத்தானே!" என்றாள் மிளகி.

"அப்ப இவன் வாலைப் பிடுங்குங்க!" என்றார் நாட்டாமை.

"வாலைப் பிடுங்கினா மீன் திரும்பி வருமா ஐயா? தின்ன அளவுக்கு மீனைப் பிடிச்சு, குழியை நிரப்பட்டும். பாவம், அவனுக்கும் கூட்டில குஞ்சு இருக்கு."

அன்றோடு முங்குகிற வழக்கம் ஒழிந்தது. தடத்தைப் பார்த்து, பிடிபட்டவர் சொல்வதையும் கேட்ட பிறகுதான் தீர்ப்பு என்று ஆயிற்று. காவலுக்குக் கொக்கோடு, திரும்பி வந்த காக்காவும் நின்றது. விரட்டப்பட்டவர்களை நாட்டாமையே தேடிப்போய், "தப்பு என் பேர்லதான், வாங்க" என்று அழைத்து வந்தார். பனையனும் வந்தான். பாதி முளைத்த அவன் வாலைக் குஞ்சுகள் பிடித்து இழுத்து விளையாடின. மிளகி சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள்.

நாட்டாமையோ இப்போதெல்லாம் ஆழத் தண்ணீரை விட்டு வருவதே இல்லை. "வழக்கு வந்தா கூப்பிடுங்கப்பா!" என்கிறார்.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் நிரபராதி தண்டனை பெறுவான், திருடனே காவல் காப்பான். ஆகவே ஆளின் நிறத்தை விட்டு, நடந்ததை விசாரிப்பதே நீதி.