எலுமிச்சைக்கு இந்தப் பக்கம்

"உலகத்துலயே நல்ல பிரேக் பேட் எதுங்க அம்மிணி?"

தெய்வசிகாமணி இதைக் கேட்டபோது அவருடைய கார் பந்தயத் தடத்தை விட்டு இறங்கி மணலில் புதைந்து கிடந்தது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. கருகிய நாற்றம் வேறு.

கோத்தகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிற மனுஷர். ஐம்பது தாண்டியவர். இந்த வயசில் என்ன பவிசு என்று ஊரே கேட்டது. அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே?

கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் அந்தத் தடத்தில், சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பழக ஆசைப்படுகிற யாரும் வரலாம் என்று ஒதுக்கிய நாள் அது. சொல்லிக்கொடுப்பவள் பிலோமினா, போத்தனூர்க்காரி. அவருடைய மகள் வயசுதான் இருக்கும்.

அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள்.

"பெடல் எப்படி இருந்துச்சுங்ணா?"

"கல்லாட்டம் இருந்துச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி நிக்கவே மாட்டேங்குது. பேட் என்னைக் கைவிட்டுடுச்சு."

"பக்கத்து சீட்டுல யாரு வருவாங்க?"

"எங்கூட்டுக்காரிதான். அதோ, கொட்டகையில உக்காந்திருக்கா பாருங்க. இதே வண்டியிலதான் ரெண்டு பேரும் மலை ஏறணும், எறங்கணும். அதான் கேக்கறேன். எது நல்ல பேட்?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"அவளுக்கு என்னங்க தெரியும்?"

பிலோமினா கொட்டகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

வண்டியை மணலிலிருந்து இழுத்து, ஆறப்போட்டு, சாவியை வாங்கிக்கொண்டாள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினாள்.

வேகமென்றால் அப்படியொரு வேகம். ஆனால் வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு மிதி. உடனே காலை எடுத்துவிடுவாள். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடவே இல்லை. காற்று பட்டு ஆறட்டும் என்று வண்டியை அதன் போக்கில் விட்டாள். நின்ற பிறகும் கைபிரேக் போடவில்லை. சூடாக இருக்கிற பிரேக்கைக் கட்டிப்போடக் கூடாதாம், சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கலை வைத்தாள்.

புகை இல்லை. நாற்றம் இல்லை.

"அதே பேட்டா?"

"அதே பேட்தானுங்ணா."

புத்தியுள்ளவன் அங்கேயே புரிந்துகொண்டிருப்பான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நம்ம ஆளுக்கு பேட் கோணல்.

அடுத்த மாதம் வரும்போதே பந்தயக் கார்களுக்குப் போடுகிற பேட்களை வரவழைத்துக் கொண்டுவந்தார். தடத்திலேயே மெக்கானிக்கை விட்டு மாட்டச் சொன்னார். பிலோமினா பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் ராஜா. முதல் ஓரிரண்டு சுற்று மந்தமாக இருந்தது. சூடேறியதும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டது. எவ்வளவு வேகத்தில் போய் மிதித்தாலும் நின்றது. திரும்பத் திரும்ப நின்றது.

சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டியை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சக்கரக் கம்பிகளுக்கு நடுவே, பேட் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தட்டு செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. கொல்லன் உலையில் பார்ப்போமே, அந்தச் சிவப்பு. தன் கால் மிதித்து உண்டான நெருப்பு என்று அவருக்கு நம்பவே முடியவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. யார் பார்க்கிறார்கள் என்றுகூட யோசிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இதுக்கு மேல என்ன வேணும் அம்மிணி?"

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்குக் காபிக்கு வரேனுங்ணா."

அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் வீடு திரும்பினார்கள். அடிவாரம் வரை சமதரை, அதற்கு மேல் முழுக்க ஏற்றம். ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை?

விடிந்தும் விடியாத நேரம். மூடுபனி. வாசல் குழாயில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர். தெய்வசிகாமணியின் வீடு மேட்டில் இருக்கிறது. வாசலிலிருந்து ஒரு சரிவான பாதை நேராகக் கீழே இறங்கி மெயின் ரோட்டில் முட்டும். தேயிலை லாரிகள் போகிற ரோடு.

காபி குடித்து முடித்த பிலோமினா, அவர் மனைவி சுலோச்சனாவிடம் கேட்டாள்.

"எலுமிச்சம்பழம் ஒண்ணு இருக்குங்களாக்கா?"

"வண்டிக்கா? நானே நெனச்சேன் கண்ணு. புதுசா என்னமோ மாட்டியிருக்காரு, ஒரு பழம் நசுக்காம எப்படி எடுக்கறதுன்னு."

"இது நசுக்கறதுக்கு இல்லீங்க."

பழத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியிலேயே, ரோட்டுக்கு ரொம்ப மேலே, பாதையில் அதை வைத்தாள். சக்கரம் போகிற தடத்தில், பனியிலும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அப்புறம் மேலே ஏறி வந்து அவரிடம் சொன்னாள்.

"எப்பவும் எறங்கற மாதிரி எறங்குங்க. பழத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்க. அவ்வளவுதானுங்ணா."

தெய்வசிகாமணி சிரித்தார். நெருப்பைப் பார்த்தவரிடம் எலுமிச்சையைக் காட்டுகிறாள்.

பிலோமினா ரோட்டோரத்துக்கு இறங்கிப் போய் நின்றுகொண்டாள். சுலோச்சனா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி சரிவில் இறங்கியது. தினமும் மிதிக்கிற இடத்தில் மிதித்தார்.

கிறீச்சென்று ஒரு சத்தம். சத்தம் மட்டும்தான்.

பேட் குளிர்ந்து கிடந்தது. சூடு ஏறாமல் அதற்குக் கடிக்கத் தெரியாது. அவர் பெடல் மேல் எழுந்து நிற்காத குறையாக மிதித்தார். பழம் மறைந்தது. அதற்கு மேலும் ஒரு வண்டி நீளம் போய், முக்கி முனகி, நின்றது.

கீழே, பனிக்குள்ளிருந்து ஒரு தேயிலை லாரி வந்து போனது.

சுலோச்சனா கதவைத் திறந்து இறங்கினாள். நசுங்கிய பழத்தைப் பார்த்தாள். லாரி போன ரோட்டைப் பார்த்தாள். பிறகு மேட்டில் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

முப்பது வருஷத்தில் அவர் வண்டியிலிருந்து அவள் இப்படி இறங்கிப் போனதில்லை.

பிலோமினா தன் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே வேறு பேட்.

"இது கொஞ்சம் சூடு தாங்கும். குளிர்லயும் பிடிக்கும்."

"சக்கரம் செவக்குமா?"

"செவக்க விடக்கூடாதுங்ணா. அதுக்கு முன்னாடி நீங்க ஆற வெச்சுக்கணும்."

"அப்ப நேத்து ஓட்டின மாதிரி..."

"ஓட்ட முடியாது."

அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. விட மனசில்லை, யாருக்குத்தான் இருக்கும்?

"மாட்டுங்க" என்றார்.

மாட்டிய பிறகு ஆளில்லாத ரோட்டில் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேகமாகப் போய், மிதித்து, முழுசாக நிற்பதற்குள் காலை எடுக்கச் சொன்னாள். மறுபடி. மறுபடி.

"நிக்கவே விடமாட்டேங்கறீங்களே?"

"புது பேட்டுங்ணா. இப்பத்தான் பழகுது. எடுத்தவுடனே அதட்டினா எந்தக் குழந்தை படிக்கும்?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த தடவை அவள் சொல்லுமுன்னே காலை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து வண்டியை வாசலில் நிறுத்தினார்கள். சுலோச்சனா இட்லி வைத்தாள். வண்டி நன்றாக ஆறும்வரை பிலோமினா எழுந்திருக்கவில்லை.

பிறகு அவள் இன்னொரு எலுமிச்சம்பழம் கேட்டாள். இந்தத் தடவை சுலோச்சனாவே எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதே இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு நகரவில்லை. பழத்துக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

பிலோமினாவுக்கே திக்கென்றது.

"அக்கா, ஓரமா வந்துருங்க."

"இருக்கட்டும் கண்ணு. இத்தனை நாள் உள்ள உக்காந்திருந்தேன். அதைவிட இது என்ன?"

தெய்வசிகாமணி சாவியைப் போட்டார்.

வண்டி இறங்கியது. தினமும் மிதிக்கிற இடம் கீழே கிடந்தது. அதுவரை போக அவர் காத்திருக்கவில்லை. ரொம்ப முன்னாலேயே, ஒரு மிதி.

நின்றது. சத்தமே இல்லை. பழத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டியே திரும்பலாம்.

அவரால் பெடலிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பனியில், சுலோச்சனா முழுசாக நின்றுகொண்டிருந்தாள். இப்படி ஒன்றை அதுவரை அவர் பார்த்ததில்லை. நேற்று நெருப்பைக் கும்பிட்ட அதே கைகள் ஸ்டியரிங்கிலிருந்து தானாக எழுந்து குவிந்தன.

பிலோமினா ஜன்னல் பக்கம் வந்தாள்.

"இப்பக் கேளுங்ணா. எது நல்ல பேட்டுன்னு."

அவர் வாய் திறக்குமுன் சுலோச்சனா குனிந்து பழத்தை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். சுற்றி வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தாள்.

"போலாங்க" என்றாள்.