சும்மா இரைந்த தேனீக்கள்

வேங்கை மரப் பொந்து ஒன்றில் அறுநூறு தேனீக்கள் இருந்தன. வேலை இருக்கிறதோ இல்லையோ, அறுநூறும் இறக்கையை அடித்து இரைந்துகொண்டே இருக்கும். மடக்கினால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமாம்! அந்தப் பொந்தின் வழக்கம் அது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூப் பக்கம் போக வழியில்லை. தேன் அறைகள் மளமளவென்று காலியாயின. குஞ்சுகள் நாற்பது வேறு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

தேன் அறைகளுக்குப் பொறுப்பு, வெடுக்கி என்ற நடுவயதுத் தேனீ. பெயருக்கு ஏற்ற வாய். எல்லாருக்கும் வேலை ஏவும் மினுக்கியிடம் அது நேரே போயிற்று.

"ஏன்டி மினுக்கி, தேன் இன்னும் ஐந்து நாளுக்குத்தான் வரும். மழை விடப் பத்து நாளாகும். குஞ்சுகளுக்கு எதை ஊட்டுவாய், உன் மினுக்கையா?"

"எல்லாரும் பாடுபடுகிறோமே அக்கா! சத்தம் கேட்கவில்லையா?"

"சத்தம் கேட்கிறது, வேலையைத்தான் காணோம்! குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க, ஈரக்காற்றை வெளியே தள்ள, வாசலில் நிற்க, எல்லாம் சேர்த்து அறுபது பேர் போதும். மீதிப் பேர் நின்ற இடத்தில் இரைந்தே தேனைக் காலி பண்ணுகிறார்கள்!"

மினுக்கியின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்படியென்றால் நீயே ஏவிப் பார்!"

வெடுக்கி ஏவியது. அறுபது பேருக்கு இடுப்பொடிய வேலை. அவசரமென்றால் மற்றவர்களை எழுப்ப, வாசல் பக்கம் இருபது பேர் அரைத் தூக்கத்தில். மற்ற எல்லாரும் இறக்கையை மடக்கிக் கொத்தாகத் தொங்கித் தூங்க வேண்டியது.

மினுக்கிக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு மெழுகுத் துணுக்கு விழுந்தால் பத்துப் பேரை எழுப்பியது.

"அடியே! தூங்குகிறவளை எழுப்பினால் ஆளுக்கு ஒரு சொட்டுத் தேன் செலவு. சில்லறை வேலையைச் சேர்த்து வை, ஒரேயடியாக முடிக்கலாம். அவசரமென்றால் மட்டும் எழுப்பு!"

ஏழாம் நாள் அவசரம் வந்தது. கதண்டு! குளவிகளிலேயே பெரிய ரவுடி. வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"அட, எல்லாரும் தூக்கமா? குஞ்சுகளைத் தின்றுவிட்டுப் போகிறேன், எழுந்திருக்க வேண்டாம்!"

மினுக்கி வெடுக்கியிடம் ஓடியது. "பார்த்தாயா அக்கா! எல்லாரையும் தூங்க வைத்தாயே!"

"புலம்பாமல் எழுப்புடி!"

அரைத் தூக்கத்தில் இருந்த இருபதும் பாய்ந்து கொத்தை உலுக்கின. வயிற்றில் தேன், உடம்பில் ஏழு நாள் ஓய்வு. ஐநூறு தேனீக்கள் கதண்டின் மேல் பந்தாகக் கவிந்தன.

"இப்போது இரையுங்கடி!" என்று கத்தியது வெடுக்கி.

பொந்தே அதிர்ந்தது. பந்துக்குள் சூடு ஏறியது. தேனீ தாங்கும் சூட்டைக் கதண்டு தாங்காது. ஏற ஏற, கதண்டு உள்ளேயே வெந்து கீழே விழுந்தது.

பதினொன்றாம் நாள் மழை விட்டது. கடைசி அறையில் தேன் மிச்சமிருந்தது. நாற்பது குஞ்சுகளும் கொழுகொழுவென்று இருந்தன. மினுக்கி மட்டும் பழக்கதோஷத்தில் சும்மா இறக்கையை அடித்தது. வெடுக்கி திரும்பி ஒரு பார்வை பார்த்தது. மினுக்கி மடக்கிக்கொண்டது.

வேலையில்லாத நேரத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவருக்குத்தான், வேலை வரும்போது அதைச் செய்து முடிக்கத் தெம்பு இருக்கும்.