கறுப்புப் பையின் அடையாளம்

விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் திரைமுன் அமர்பவள் அமிர்தவல்லி. ஊர்ப் பெரும்புள்ளி குபேந்திரன் அவள் தம்பியைத் தன் வீட்டில் அடைத்துவைத்து மிரட்டினான்.

“நாளைக்கு என் ஆள் பை கொண்டுவருவான். கண்ணை மூடிக்கோ. இல்லேன்னா உன் தம்பி இல்ல.”

“எல்லாப் பையும் கறுப்பாத்தானே வருதுங்க ஐயா! உங்களோடதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“என் மூஞ்சியைவிட என்ன அடையாளம் வேணும்?” என்று சிரித்தவன், ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டும் தன் கும்பிடும் படத்தையே பையிலும் ஒட்டியனுப்பினான்.

பை வந்ததும் அவள் அதிகாரிக்குச் சைகை காட்டினாள். உள்ளே போதைப்பொருள். ஆள் போனைத் தொடுமுன் மடக்கிய காவலர், குபேந்திரன் வீட்டுக்கு விரைந்தனர்.

“அது என் பையே இல்லீங்க!”

“அப்போ அதுல எங்களைக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறது யாரு?” என்றார் ஆய்வாளர்.

காவலர் பூட்டியிருந்த பின்னறைக் கதவைத் திறந்தனர். “அக்காவுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டபடி தம்பி வெளியே வந்தான்.