சும்மா வரும் ஒயர்

"மேஸ்திரியம்மா, நியூட்ரலை எதுக்கு எண்ணணும்?"

கேட்டவர் இருளப்பன். ஐம்பதைத் தாண்டிய பிறகு வயரிங் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த அமலோற்பவம் அவரைவிட இளையவள்.

கம்ப்யூட்டர் மையம் ஒன்றின் வயரிங், முதல்முறையாக அவர் பொறுப்பில். இது தேறினால்தான் அடுத்த கட்டடம் அவர் கைக்கு வரும்.

ஒரே குழாய்க்குள் கரண்டைச் சுமக்கிற ஒயர் கூடினால் சூடும் கூடும். எண்ணிப் பார்த்துத்தான் ஒயரின் கனத்தை முடிவு செய்ய வேண்டும். கரண்டைக் கொண்டுபோகும் மூன்று பேஸை எண்ணியவர், திரும்பக் கொண்டுவரும் நியூட்ரலை விட்டுவிட்டார்.

குழாயிலிருந்து எல்லா ஒயரையும் உருவச் சொல்லிவிட்டாள் அமலோற்பவம்.

"மூணு பேஸும் சமமா கரண்டை இழுத்தா நியூட்ரல் சும்மாதான் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மோட்டாருக்குச் சொன்னேண்ணே."

அதற்குள், அவருக்குக் கீழே வேலை செய்யும் மூன்று ஆட்களில் ஒருவனின் குரல் உள்ளிருந்து வந்தது. "இருளப்பண்ணே, டிரில்லை இவன் தரமாட்டேங்கிறான்!"

"என்னோடதை எடுத்துக்க."

"அண்ணே, எனக்குத் தோள்வலி. ஏணியில ஏற முடியாது," என்றான் இன்னொருவன்.

"இறங்கு. நான் ஏறுறேன்."

"அண்ணே, நான் சீக்கிரம் ஊருக்குப் போகணும்," என்றான் மூன்றாமவன்.

"போ. உன் வேலையை நான் பார்த்துக்கிறேன்."

டீக்கடைச் செல்லையா வாசலில் நின்று, எத்தனை டீ என்று கேட்டார்.

"ஆளுங்க மூணு, மேஸ்திரியம்மா ஒண்ணு. நாலு."

"உங்களுக்கு?"

"நான் சும்மாதானே நிக்கிறேன்."

அமலோற்பவம் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்லாக் கம்ப்யூட்டரையும் போடச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாய் வந்து சேரும் பெட்டியின் மூடியைக் கழற்றினாள்.

"புறங்கையால தொட்டுப் பாருங்க."

சிவப்பு, வெதுவெதுப்பு. மஞ்சள், அதே. நீலம், அதே.

கறுப்பில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார்.

"இது நியூட்ரலாச்சே!"

"மோட்டார் இழுக்கிறது ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சிடும். கம்ப்யூட்டர் விட்டு விட்டு இழுக்கும். அதுல ஒரு பங்கு கழியாது. மூணுலேருந்தும் வந்து இதுலயே சேரும்."

இருளப்பன் புறங்கையை ஊதிக்கொண்டார்.

"வெளியே ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது. உள்ளேயே கருகும்."

"அண்ணே!" உள்ளிருந்து மூன்று குரலும் ஒன்றாக வந்தன.

அவர் கறுப்பு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் வாங்கப்பா. சேர்ந்து உருவணும். இன்னைக்கு யாரும் சீக்கிரம் போகலை."

செல்லையா நாலு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னொண்ணு," என்றார் இருளப்பன்.