ரோஸ்லின் கடைப் பெட்டி

காலை பத்தரை மணிக்கு, மூன்றாவது தடவையாக, ஞானதாஸ் ஜுலைகாவின் பட்டறைப் படியேறினார்.

“பெட்டி ஓடுது டீச்சர். அவதான் ஆட மாட்டேங்கா.”

ஜுலைகா வயர் பற்றவைப்பதை நிறுத்தவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி. புகை வரும், மூஞ்சத் தள்ளி வச்சுக்கோங்க.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளுக்கு முப்பத்தைந்து. பழைய வீடியோ கேம் பெட்டிகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றுவது அவள் தொழில். ‘டீச்சர்’ என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். பிறகு கேலி போய்விட்டது. பெயர் நிலைத்துவிட்டது.

முதல் தடவை வந்தபோது மினி வேனில் ஒரு பெட்டியை ஏற்றி வந்தார். விமானச் சண்டை ஆடும் ஆளுயரப் பெட்டி. நடுவில் திரை, அதன் கீழே ஒரு கைப்பிடி, ஆறு பட்டன்கள். உள்ளே இருந்த போர்டு உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது.

“இத எம்மவன் விட்டுட்டுப் போன கம்ப்யூட்டர்ல ஓட வைக்கணும்.”

“செஞ்சு தரவா, கத்துத் தரவா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“செஞ்சு தந்தா, கெட்டுப்போனதும் என்கிட்ட வருவீங்க.”

“கத்துத் தந்தா?”

“அப்பவும் வருவீங்க. எங்க கெட்டுச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வருவீங்க.”

கற்றுக்கொண்டார். செத்த போர்டைக் கழற்றினார். ஒவ்வொரு பட்டனிலிருந்தும் இரண்டு வயர் இழுத்து ஒரு சின்னப் போர்டில் சேர்த்தார். அந்தப் போர்டைக் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டு என்று நம்பியது. பட்டனை அமுக்கினால் எழுத்தை அமுக்கியதாக எடுத்துக்கொண்டது.

“ஏமாத்து வேலையால்ல இருக்கு டீச்சர்.”

“ஆமா. அதுக்கு இது போதும்.”

பெட்டி அவருடைய மனைவி ரோஸ்லினுடையது. பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். எல்லார் கையிலும் போன் வந்ததும் கடை மூடியது. மற்ற பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. இது ஒன்று மட்டும் வீட்டுக்கு வந்து ஷெட்டில் நின்றது.

போன வருடம் ரோஸ்லினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சும் நின்றது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

பிடித்த எதையாவது செய்ய விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஞானதாசுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

இரண்டாம் தடவை வந்தபோது அவர் உட்காரவே இல்லை.

“மூணு உயிருதான் தருது டீச்சர். அவ கை நடுங்குது. கண்ண மூடித் தொறக்குமுன்ன மூணும் போயிருது. தோத்துட்டன்னு திரையில எழுத்து வருது. மூஞ்சத் திருப்பிக்கிட்டா.”

“சரி.”

“உயிரு தீராம ஓடுத மாதிரி செய்ய முடியுமா?”

“முடியும். யோசிச்சுத்தான் கேக்குறீங்களா?”

“இவ்வளவு தோத்தது பத்தாதா அவளுக்கு?”

 எங்கே மாற்ற வேண்டும் என்று ஜுலைகா காட்டித் தந்தாள்.

இப்போது மூன்றாம் தடவை.

“உயிரு தீரல டீச்சர். விமானம் வெடிக்கி, திரும்ப வருது. வெடிக்கி, திரும்ப வருது. அவ கைய மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கா. கைப்பிடிக்கு லேசான ஸ்பிரிங் போட்டேன். சேர் உயரத்தக் கூட்டினேன். இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்க. அவ வாயத் தொறந்து என்னத் திட்டினாக்கூடப் போதும்.”

“அக்கா நல்லா பேசுவாங்களோ?”

“பேசுவாளாவா?” ஞானதாஸ் முதல் தடவையாகச் சிரித்தார். “வாய மூட வைக்க முடியாது. கடைப் பழக்கத்துல, பையன் சாப்பிட்டுக் கை கழுவப் போனாக்கூட, ‘அவுட்டு, அடுத்த ஆளு’ம்பா. நான் குளிச்சிட்டு வந்தாலும் அதேதான். கல்யாண வீட்டுப் பந்தியில ஒரு தடவ சொல்லிட்டா. சம்பந்தகாரங்க முன்னால எனக்கு மானம் போச்சு.”

ஜுலைகா சால்டரிங் கம்பியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

ரோஸ்லின் பெட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். விமானம் வெடித்தது. வந்தது. வெடித்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் இடது பக்கம் வழவழவென்று தேய்த்திருந்தது. தரையில் உப்புத்தாளும் நீல பெயிண்ட் டப்பாவும் கிடந்தன.

“பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?”

“ஆமா. பாக்க அழகா இருந்தாலாவது ஆடுவாளேன்னு. இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் இனிமேத்தான்.”

ஜுலைகா வலது பக்கம் போய் நின்றாள். முன் விளிம்பில், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் இல்லை. மரம் தெரிந்தது. அழுக்கும் எண்ணெயும் ஏறி மினுமினுத்தது.

“இது எப்படிப் போச்சு?”

“தெரியலையே. வேன்ல உரசியிருக்கும்.”

“உரசினா கீறல் விழும். இது கை பட்டுப் பட்டுத் தேஞ்சது.”

ஞானதாஸ் குனிந்து பார்த்தார்.

“கடையில அக்கா எங்க நிப்பாங்க அண்ணாச்சி?”

“எனக்கெப்படித் தெரியும்? எனக்கு எப்பவும் சாயங்கால ஷிப்ட்டு. நான் கடைக்குப் போனதே கெடையாது.”

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ரோஸ்லின் அவரைப் பார்க்கவில்லை.

ஜுலைகா அவள் காதருகே போய், “அக்கா, ஒரு நிமிசம்” என்றாள். சேரோடு சேர்த்து அவளை நகர்த்திப் பெட்டியின் வலது பக்கம், அந்த வெறும் மரத்தை ஒட்டி உட்கார வைத்தாள். ஷெட்டிலிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துவந்து திரைக்கு எதிரே போட்டாள்.

“நீங்க உக்காருங்க.”

“நானா? எனக்கு ஆடத் தெரியாது.”

“அதான் வேணும்.”

கம்ப்யூட்டரில் உயிர்களின் எண்ணிக்கையை மறுபடி மூன்றாக்கினாள்.

“ஏன் டீச்சர் மூணு?”

“ஆட்டம் முடியணும்ல.”

நாற்பது டன் சரக்குப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் அலுங்காமல் இறக்கிய கை கைப்பிடியைப் பிடித்தது. விமானம் சுவரில் போய் முட்டியது. ஒன்று போனது. குண்டுக்கு நடுவில் தானே போய் நின்றது. இரண்டு. மூன்றாவது கொஞ்ச நேரம் தாங்கியது.

திரையில் எழுத்து வந்தது.

ஞானதாஸ் மெல்லத் தலையைத் திருப்பினார்.

ரோஸ்லின் இப்போது ஜன்னலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை.

வாசல் வரை ஜுலைகாவின் பின்னால் போனார்.

“ஒண்ணும் சொல்லலையே டீச்சர்.”

ஜுலைகா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“நாளைக்கும் தோத்துப் பாருங்க.”

உப்புத்தாளையும் பெயிண்ட் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞானதாஸ் தினமும் தோற்றார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் நெருங்குவதற்குள் கொஞ்சம் ஆடக் கற்றுக்கொண்டார். அப்படியும் தோற்றார்.

2019 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்து அவர் மூன்றாவது உயிரை விட்டபோது, ரோஸ்லின் இடது கையை வெறும் மரத்தின் மேல் வைத்துப் பெட்டியை ஒரு தட்டு தட்டி, “அவுட்டு” என்றாள்.

“அடுத்த ஆளு.”