தண்ணீர் விடாத பாத்தி

அந்த வேளாண் கல்லூரி மிகச் சிறியது. இரண்டு வகுப்பறை, ஒரு கிணறு, மீதியெல்லாம் வெயில். அங்கே டிப்ளமோ படிக்க வந்தவர்களில் வீரணனுக்கு மட்டும் நாற்பது வயது. கூடப் படித்தவர்கள் அவரை அண்ணே என்றார்கள். பாடம் நடத்திய ஜெசிந்தா மேடமும் அப்படித்தான் கூப்பிட்டார். அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை.

ஊரில் வீரணனின் மிளகாய் வயல் இரண்டு வருடம் தொடர்ந்து காய்ந்துபோனது. மழை ஏமாற்றினாலும் செடியைக் காப்பாற்ற ஒரு வழி தெரிந்துகொள்ளாமல் திரும்ப மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பிடிவாதக்காரர். சொன்னால் சொன்னதுதான்.

கடைசிப் பருவத்தில் மேடம் அவருக்கு இரண்டு பாத்தி கொடுத்தார். இரண்டிலும் மிளகாய். ஒன்றில் பனையோலையைப் பரப்பி மண்ணை மூட வேண்டும். மற்றது வெறும் மண். செடி வேர் பிடித்ததும் இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டு, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

"இந்த வெறும் பாத்தி எதுக்கு மேடம்? வீணாச் சாகும்."

"சாகட்டும்."

"பாவமில்லையா?"

"பாவந்தான்" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

தண்ணீரை நிறுத்திச் சில வாரம் கழித்து வந்து பார்த்தார். இரண்டு பாத்தியும் பச்சைப்பசேல் என்று பூவெடுத்து நின்றன. வீரணன் தலையைச் சொறிந்தார். மேடம் குனிந்து வெறும் பாத்திக்குள் விரலை விட்டு ஒரு பிடி மண் எடுத்தார். ஈரமாக இருந்தது.

"மழை பெஞ்சுதா அண்ணே?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"சாயங்காலமானா துவண்டு நிக்குது. பார்த்துட்டுச் சும்மா போக மனசு கேக்கல. ஒரு குடம் ஊத்திட்டேன்."

"ஒரு குடம்தானா?"

"தெனமும் ஒரு குடம்."

மேடம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. வீரணன்தான் முந்திக்கொண்டு பேசினார்.

"ஓலை போட்டா நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும் மேடம். வெறும் பாத்தி காய்ஞ்சிருச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன். பாஸாகி ஊருக்குப் போயிருவேன்."

"போயி?"

"எங்க வயலுக்கும் ஓலை போடுவேன்."

"போட்டா எத்தனை நாள் கூடுதலாத் தாங்கும்?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வீரணன் வீடு வாசலை விட்டுவிட்டு வந்திருந்தார்.

மேடம் வெறும் பாத்தியிலிருந்து ஒரு செடியைப் பூவோடு பிடுங்கி வரப்பில் போட்டார். அடுத்ததையும் பிடுங்கினார். வீரணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பாத்தியும் காலியாகிவிட்டன.

அன்றைக்கே மனைவிக்குப் போன் செய்து, சோதனையை முதலிலிருந்து செய்ய இன்னும் ஒரு வருடம் ஆகும் என்றார். அந்தம்மாள் என்ன சொன்னாரோ தெரியாது. வீரணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மற்றவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். வீரணன் மறுபடி நாற்று விட்டார், நட்டார், ஓலை பரப்பினார். தண்ணீரை நிறுத்தும் நாள் வந்ததும், குடத்தைக் கொண்டுபோய்க் கல்லூரிக் காவலாளி வீட்டில் கொடுத்துவிட்டு, நானே வந்து கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்த முறை வெறும் பாத்தி வாட ஆரம்பித்தது. மேடம் வந்தபோது வீரணன் உச்சி வெயிலில் பாத்தியோரம் குந்தியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்க வயலும் இப்படித்தான் மேடம் போச்சு."

"எந்த இலை முதல்ல துவண்டுச்சு?"

"தெரியல."

"அடியிலையா, கொழுந்தா?"

"பார்க்கல மேடம். அந்தப் பக்கம் போகவே மனசு வரல. பொண்டாட்டிய வயலுக்கு அனுப்பிட்டு நான் வீட்டுலயே படுத்துக் கிடந்தேன்."

மேடம் அவர் பக்கத்தில், சுடுமண்ணில், உட்கார்ந்தார்.

"கண்ணைத் தொடைச்சுட்டு இதுல பாருங்கண்ணே."